ஒப்பந்தத் தேதிக்கு முன்பே அறைக்குள் போகலாமா? இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் பலர் விலையைப் பார்த்து விமான டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அறை ஒப்பந்தத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்பதை அப்புறம்தான் பார்க்கிறார்கள். செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை ஒப்பந்தம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை அதிகாலை விமானம். வளைகுடாவில் இறங்கி மாறினாலும் அன்று மதியமோ மாலையோ லண்டன் போய்ச் சேர்ந்துவிடலாம், ஏனென்றால் அந்த மாதத்தில் அவர்கள் கடிகாரம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். சாவி கிடைப்பது சனிக்கிழமை. நடுவில் ஓர் இரவு இருக்கிறது, கையில் இரண்டு பெரிய பெட்டிகளும் இருக்கின்றன.

"ஒரு ராத்திரிதானே, ரூம் சும்மாதானே கிடக்கும், போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்" என்று நினைப்பதுதான் முதல் தவறு.

அறை சும்மா கிடப்பதில்லை. மாணவர் விடுதிகளில் 51 வார ஒப்பந்தம் சகஜம். வருடத்தில் மிச்சமிருக்கும் அந்தச் சில நாட்களுக்குள் பழைய மாணவர் காலி செய்ய வேண்டும், அறையைக் கழுவித் துடைக்க வேண்டும், உடைந்ததை மாற்ற வேண்டும். ஒப்பந்தம் குறைந்த வாரங்களுக்கு என்றால் கோடையில் அதே அறையை மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள். நீங்கள் வாசலில் நிற்கும் வெள்ளிக்கிழமை மாலையில் உங்கள் கட்டிலில் மெத்தையே இல்லாமல் இருக்கலாம்.

விசாவையும் ஒப்பந்தத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. படிப்பு ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால், அது தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மாணவர் விசாவில் நாட்டுக்குள் வரலாம். அதைவிடக் குறுகிய படிப்புக்கு ஒரு வாரம்தான். நாட்டுக்குள் நுழையக் கிடைக்கும் இந்த அனுமதிக்கும் உங்கள் அறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விசாவில் இடமிருக்கிறதே என்று மூன்று வாரம் முன்னால் போய் இறங்குகிறவருக்கு அந்த மூன்று வாரமும் தங்க இடம் அவர் பொறுப்பு. பல்கலைக்கழகம் இலவசமாக விமான நிலையத்துக்கு அனுப்பும் பேருந்துகூடப் பெரும்பாலும் மாணவர்கள் குடியேறும் வாரக்கடைசியில்தான் ஓடும்.

சரி, முன்கூட்டியே போக வேண்டிய கட்டாயம் இருக்கிறது என்றால்? டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, அறைகளைக் கவனிக்கும் அக்காமடேஷன் ஆபீசுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மாணவர் எண், அறை முன்பதிவு எண், இறங்கும் நாள், நேரம், எத்தனை இரவு என்று நாலே வரி போதும். சில இடங்களில் இதற்கென்றே விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறார்கள். இரவுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். சில சமயம் வேறு கட்டடத்தில் தற்காலிக அறை தந்து, ஒப்பந்த நாளன்று மாறச் சொல்வார்கள். முடியாது என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்; நேரில் போய்க் கெஞ்சினால் நடக்கும் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே வேலை செய்யாது.

போனில் யாரோ "வரலாம்" என்று சொன்னதை நம்பி இறங்குவதும் ஆபத்துதான். இரவு பதினொன்றுக்கு ரிசப்ஷனில் இருக்கிறவர் வேறு ஆள். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயர் இல்லையென்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தனியார் மாணவர் விடுதிகளில் அந்த நேரத்துக்குக் காவலாளி மட்டும்தான் இருப்பார், சாவி தரும் அதிகாரம் அவருக்கு இருக்காது. எழுத்தில் வந்த அனுமதியை அச்செடுத்தோ போனில் சேமித்தோ வைத்திருங்கள். முதல் தவணை வாடகை, ஜாமீன்தாரர் படிவம், ஆன்லைன் இண்டக்‌ஷன் (விடுதியைப் பற்றிய அறிமுகப் பாடம்) எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். இவற்றில் ஒன்று பாக்கி என்றாலும் சரியான தேதியில் போனால்கூடச் சாவி தாமதமாகலாம்.

சீனியர் அறையில் படுத்துக்கொள்வது

நம்மவர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். "அண்ணா ரூம்ல நாலு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்று கேட்டால் எந்த அண்ணாவும் மறுக்க மாட்டார். ஆனால் விடுதி ஒப்பந்தங்களில் விருந்தாளிகளுக்கென்று விதி இருக்கும்: தொடர்ந்து எத்தனை இரவு தங்கலாம், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா, மற்றவர்களின் சம்மதம் வேண்டுமா என்றெல்லாம். மீறினால் நடவடிக்கை உங்கள் மேல் வராது. கையெழுத்துப் போட்டவர் அவர், எச்சரிக்கைக் கடிதமும் அபராதமும் அவருக்குத்தான் போகும். அபாய மணி அடித்தால் உள்ளே இன்னொரு ஆள் இருப்பது யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு சங்கடம். அவருடைய காப்பீடு உங்கள் லேப்டாப்புக்குச் செல்லாது. உங்கள் விடுதிக் காப்பீடும், அப்படி ஒன்று இருந்தால், ஒப்பந்த நாளில்தான் தொடங்கும். ஓரிரண்டு இரவுக்கு, விதியைப் படித்துப் பார்த்து, பதிவு செய்து தங்கினால் தப்பில்லை. இரண்டு வாரம் என்றால் அது உதவி கேட்பது இல்லை, அவரை மாட்டிவிடுவது.

தனி வீடு எடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது

நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுக்கும்போதுதான் சிக்கல் நிறைய. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்குப் பாதி வாடகை என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அதை ரிடெய்னர் என்பார்கள். வாடகைதான் கட்டுகிறோமே என்று ஆகஸ்டிலேயே பாய் படுக்கையோடு போய்விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பாதி வாடகை பெரும்பாலும் வீட்டைப் பிடித்து வைப்பதற்கு மட்டும். சில உரிமையாளர்கள் பெட்டிகளை வைக்க விடுவார்கள், தங்க விட மாட்டார்கள். குடியேறினால் முழு வாடகை கேட்கலாம்.

உரிமையாளரே நல்ல மனதோடு "சாவியை இப்போதே வாங்கிக்கோங்க" என்றால் இன்னும் கவனம் வேண்டும். புதிய குடித்தனக்காரர் நுழைவதற்கு முன் எரிவாயுப் பாதுகாப்புச் சான்றின் நகலை அவர் தர வேண்டும். மின்சாரப் பரிசோதனை அறிக்கைக்கும் அப்படித்தான். பழைய ஆட்களின் ஒப்பந்தம் மாதக் கடைசி வரை ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் அந்த வீடு இன்னும் அவர்களுடையது. எல்லாம் சரி என்றால், தொடக்கத் தேதியை மாற்றிய ஒப்பந்தத்தையோ, குறைந்தபட்சம் எந்த நாளிலிருந்து, எவ்வளவு வாடகைக்கு என்று தெளிவாகச் சொல்லும் மின்னஞ்சலையோ கேட்டு வாங்குங்கள். அந்த நாட்களுக்கு வாடகை கேட்பது நியாயம். ஆனால் "செக்-இன் கட்டணம்" என்று தனியாகக் கேட்க முடியாது. இங்கிலாந்தில் 2019 சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் டெபாசிட்டும் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது.

உள்ளே போன அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு அறையையும் மின்சார, எரிவாயு மீட்டர்களையும் படம் எடுத்துவிடுங்கள். கறை, விரிசல், பூஞ்சை எதையும் விடாதீர்கள். முன்னால் போனவருக்குத்தான் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உரிமையாளர் தயாரிக்கும் பொருள் பட்டியல் ஒப்பந்த நாளில் எடுக்கப்பட்டதாக இருக்கும். அதற்குள் சுவரில் இருக்கும் கீறல் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

பலர் எதிர்பார்க்காத ஒரு செலவும் இருக்கிறது: கவுன்சில் டாக்ஸ், அதாவது குடியிருக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி வாங்கும் வரி. முழுநேர மாணவருக்கு அது கிடையாது என்பது உண்மை. ஆனால் மாணவர் என்ற கணக்கு படிப்பு தொடங்கும் நாளிலிருந்துதான். ஜூலையிலேயே வீட்டில் குடியேறி, செப்டம்பர் கடைசியில்தான் முதுகலை தொடங்குகிறது என்றால், நடுவிலுள்ள வாரங்களுக்கு பில் வரலாம். படிப்பின் நடுவே இருக்கும் மாணவருக்குக் கோடை விடுமுறையில் இந்தத் தொல்லை இல்லை.

"இப்போதே பணம் அனுப்புங்கள், முன்கூட்டியே சாவி தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் மட்டும் பேசும் உரிமையாளர்? வீட்டை யாராவது நேரில் பார்க்கும் வரை ஒரு பவுண்டுகூட வேண்டாம்.

இடைவெளி இரவுகளுக்கு

டிராவல்லாட்ஜ், பிரீமியர் இன் போன்ற சிக்கன ஹோட்டல்களும் ஒய்.எச்.ஏ. (யூத் ஹாஸ்டல்) விடுதிகளும் எல்லா ஊரிலும் இல்லை என்றாலும் பெரிய ஊர்களில் கிடைக்கும். கோடையில் பல்கலைக்கழகங்களே அறைகளை நாள் வாடகைக்கு விடுவதும் உண்டு. மாணவர்கள் குடியேறும் வாரக்கடைசியில் பெற்றோர் கூட்டமும் வருவதால் அறை வாடகை ஏறிவிடும், ஆகவே ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகச் சீக்கிரமே போட்டு வைப்பது நல்லது. காலையில் இறங்கினால் ஹோட்டல் அறையும் மதியத்துக்குப் பிறகுதான் கிடைக்கும், பெட்டிகளை மட்டும் முன்கூட்டியே வைத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள். இந்தச் செலவு மனதை உறுத்தும்தான். டிக்கெட்டை ஒரு நாள் தள்ளி எடுத்தால் ஆகும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல சமயம் தள்ளி எடுப்பதே மலிவு.

கடைசியாக பார்சல். தலையணை, போர்வை, குக்கர் எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கி விடுதி முகவரிக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் தொடங்கும் முன் வரும் பார்சலைப் பல விடுதிகள் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடும். டெலிவரி நாளை ஒப்பந்தத் தேதிக்கு மறுநாளாகப் போடுங்கள், முதல் இரவுக்கு ஒரு போர்வையைப் பெட்டியிலேயே எடுத்துப் போங்கள்.