பிரெஞ்சு அதிபர்களின் வயதையும் ஆயுளையும் பிழையில்லாமல் கணக்கிடுவது எப்படி

பிரான்ஸ் அதிபர்களில் மிகச் சிறிய வயதில் பதவிக்கு வந்தவர் யார்? இம்மானுவேல் மேக்ரான் பிறந்தது 1977, பதவியேற்றது 2017. லூயி நெப்போலியன் போனபார்ட் பிறந்தது 1808, பதவியேற்றது 1848. வருஷத்தில் வருஷத்தைக் கழித்தால் இரண்டு பேருக்கும் 40தான். வேலூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பொது அறிவு சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் கேள்வியைப் போட்டதும் “ரெண்டு பேரும் சமம் சார்” என்று பல குரல் வந்தது. குடியாத்தத்திலிருந்து வருகிற ஒரு பெண் மட்டும், “மாசம் என்ன சார்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த வேலைக்கு முதல் படி.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் வயதைக் கேட்டுப் பாருங்கள். “39 முடிஞ்சு 40 நடக்குது” என்பார்கள். முடிந்த வயது வேறு, நடக்கிற வயது வேறு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டியல் போடும்போது முடிந்த வயதை மட்டும் எழுதுங்கள், நடக்கிற வயதைக் கலக்கவே கலக்காதீர்கள். மேக்ரான் பிறந்தது 1977 டிசம்பர் 21, பதவியேற்றது 2017 மே 14, ஆக அவருக்கு அன்று 39 வருஷம் 4 மாதம் 23 நாள். லூயி நெப்போலியன் பிறந்தது 1808 ஏப்ரல் 20, பதவியேற்றது 1848 டிசம்பர் 20, ஆக 40 வருஷம் 8 மாதம். ஒரு வருஷத்துக்கும் மேலே வித்தியாசம் இருக்கிறது, சமம் என்று எழுதினால் மார்க் போய்விடும்.

கையால் கணக்கிடுவது கஷ்டமே இல்லை. வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் இறந்த தேதியை மேலே எழுதுங்கள், பிறந்த தேதியை அதற்குக் கீழே எழுதுங்கள், வலப்பக்கத்திலிருந்து கழியுங்கள், போதாவிட்டால் கடன் வாங்குங்கள். சார்லஸ் டி கோலை எடுத்துக்கொள்வோம். 1970 நவம்பர் 9இல் இறந்தார், 1890 நவம்பர் 22இல் பிறந்தார். 9இலிருந்து 22 போகாது, அதனால் ஒரு மாதம் கடன் வாங்க வேண்டும். வாங்குவது முந்தைய மாதமான அக்டோபரை, அதற்கு 31 நாள், 9ஐயும் சேர்த்தால் 40, அதில் 22 போனால் 18. நவம்பர் இப்போது 10 ஆகிவிட்டது, 10இலிருந்து 11 போகாது, ஒரு வருஷம் கடன் வாங்கினால் 22 மாதம், அதில் 11 போனால் 11. கடைசியாக 1969இல் 1890 போக 79. ஆக 79 வருஷம் 11 மாதம் 18 நாள், எண்பதுக்கு 13 நாள் பாக்கி. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாள் கடன் வாங்குகிறவர்கள்தான் ஒரு நாள் தவறுவார்கள்.

கணினியில் செய்யப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். எக்செல் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பிரான்ஸின் அதிபர்களில் டி கோலுக்கு முன்னால் வந்த அத்தனை பேரும், டி கோலும்கூட, 1900க்கு முன் பிறந்தவர்கள்தான். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பிறப்பு இறப்பு இரண்டிலும் 400 வருஷம் கூட்டிக்கொள்ளுங்கள். இன்றைய நாட்காட்டி 400 வருஷத்துக்கு ஒருமுறை அச்சு மாறாமல் திரும்பி வருகிறது, லீப் வருஷங்களும் அதே இடத்தில் விழுகின்றன, அதனால் 1808ஐ 2208 என்று போட்டாலும் விடை மாறாது. எக்செல்லில் டேட்டிஃப் (DATEDIF) என்ற சூத்திரம் வருஷத்தையும் மாதத்தையும் சரியாகத் தரும், மிச்ச நாட்களில் மட்டும் சில நேரம் தவறும், அதைக் கையால் ஒருமுறை சரிபாருங்கள்.

அப்புறம், யாரைப் பட்டியலில் சேர்ப்பது? இதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வைக்காவிட்டால் பாதியில் சண்டை வரும். அதிபர்களில் நீண்ட ஆயுள் யாருக்கு என்றால் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேனுக்கு: 1926 பிப்ரவரி 2 முதல் 2020 டிசம்பர் 2 வரை, துல்லியமாக 94 வருஷம் 10 மாதம். ஆனால் ‘அதிபர்’ என்று கேட்காமல் ‘நாட்டின் தலைவர்’ என்று கேட்டால் விடை மாறிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது 1940இல் விஷி என்ற ஊரிலிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்ட ஃபிலிப் பெத்தேன் அதிபர் இல்லை, ‘பிரெஞ்சு அரசின் தலைவர்’ என்றே தன்னை அழைத்துக்கொண்டார். 1856 ஏப்ரல் 24இல் பிறந்து 1951 ஜூலை 23இல், ஆயுள் தண்டனைக் கைதியாக, 95 முடிந்து இறந்தார். அவர் அதிகாரத்துக்கு வந்தபோதே வயது 84. என் பட்டியலில் அவரைத் தனி வரிசையில் வைத்திருக்கிறேன், அதிபர்களோடு கலப்பது சரியில்லை.

அவரை விட்டுவிட்டால் மிக மூத்த வயதில் பதவியேற்றவர் யார்? இங்கேயும் அதே பொறி. அடால்ஃப் தியேர் பிறந்தது 1797, பதவியேற்றது 1871. பால் டூமேர் பிறந்தது 1857, பதவியேற்றது 1931. கழித்தால் இரண்டு பேருக்கும் 74. முடிந்த வயதும் 74தான். மாதம் பார்த்தால்தான் தெரியும்: தியேர் ஏப்ரலில் பிறந்து ஆகஸ்ட் கடைசி நாளில் வந்தார், 4 மாதம் கூடுதல். டூமேர் மார்ச்சில் பிறந்து ஜூன் 13இல் வந்தார், 2 மாதம் கூடுதல். தியேர் முந்துகிறார். டூமேர் மறு வருஷமே சுடப்பட்டு இறந்தார்.

பிறந்த தேதியை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பீர்கள். நம் பக்கத்தில் இது நியாயமான கேள்வி, ஏனென்றால் பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதைத் தொடச் சொல்லி, தொட்டவர்களுக்கு ஐந்து வயது என்று தலைமையாசிரியரே ஒரு தேதி போட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பிரான்ஸில் 1792இலிருந்து பிறப்பு இறப்பை அரசே பதிவு செய்தது, அதனால் அதிபர்கள் விஷயத்தில் பெரும்பாலும் கவலையில்லை. தியேரின் பதிவில் மட்டும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நாட்காட்டிப்படி ஐந்தாம் ஆண்டு ஜெர்மினால் மாதம் 26 என்று இருக்கும், அது 1797 ஏப்ரல் 15.

சராசரி போடும்போது இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐந்தாம் குடியரசின், அதாவது 1958இலிருந்து நடக்கிற இன்றைய பிரெஞ்சு ஆட்சிமுறையின், அதிபர்களில் இறந்துபோன ஐந்து பேரின் முடிந்த வயதுகள்: டி கோல் 79, பொம்பிதூ 62, ஜிஸ்கார் 94, மித்தரான் 79, ஷிராக் 86. கூட்டினால் 400, ஐந்தால் வகுத்தால் 80. ஆனால் மாதம் நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 80.7 வருகிறது. முடிந்த வயதை எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் மிச்ச மாதங்களை வெட்டிவிடுகிறோம், அதுதான் காரணம், அதனால் சராசரிக்கு எப்போதும் முழு ஆயுளையே எடுங்கள். உயிரோடு இருப்பவர்களை இதில் சேர்க்கவே கூடாது. “அந்தக் காலத்து பிரான்ஸில் சராசரி ஆயுளே குறைவு, அதிபர்கள் மட்டும் எப்படி எண்பது வரை வாழ்ந்தார்கள்” என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்லிவிடுகிறேன்: நாட்டின் சராசரியைக் கீழே இழுத்தவை குழந்தை மரணங்கள், அதிபர் ஆகிறவரோ நாற்பதைத் தாண்டியவர், அல்லது மேக்ரான்போல நெருங்கியவர். ஒப்பிட வேண்டுமென்றால் ஐம்பது வயதைத் தொட்டவர்கள் மேலும் எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள் என்பதோடு ஒப்பிடுங்கள்.

சரி, பயிற்சிக்கு நம் மண்ணிலிருந்தே தேதிகள் எடுப்போம். 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர்ப் போர், பிரெஞ்சுப் படை உதவியோடு சந்தா சாகிப் தரப்பு ஜெயித்து ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்ட நாள். (ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்ததால் அவர்கள் கணக்கில் அது ஜூலை 23, எந்த நாட்காட்டி என்று பார்க்காமல் கழித்தால் 11 நாள் தவறும்.) நவாபுக்கு அன்று 107 வயது என்று எழுதியவர்களும் உண்டு, 77 என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் 1710 பிப்ரவரி 15இல் பிறந்த பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயிக்கு என்ன வயது என்பதில் சந்தேகமே இல்லை: 39 வருஷம் 5 மாதம் 19 நாள், பதவியேற்ற மேக்ரானைவிட ஒரு மாதம்கூட மூப்பு இல்லை. அடுத்து 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த விடிகாலை. அன்று பிரான்ஸின் பேரரசராக இருந்த நெப்போலியன் 1769 ஆகஸ்ட் 15இல் பிறந்தவர், வருஷக் கழித்தலில் 37 வரும், உண்மையில் 36 வருஷம் 10 மாதம் 25 நாள்.

இன்னும் இரண்டை நீங்களே போட்டுப் பாருங்கள். புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் இந்தியாவின் கைக்கு வந்தபோது அதிபர் ரெனே கோத்தி, பிறந்தது 1882 மார்ச் 20. சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16இல் இணைந்தபோது டி கோல். கோத்திக்கு 72 வருஷம் 7 மாதம் 12 நாள், டி கோலுக்கு 71 வருஷம் 8 மாதம் 25 நாள் வந்தால் உங்கள் கணக்கு சரி.