நீச்சல் சாமான்கள்: வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை விட்டதும் கடலூர், புதுச்சேரி பக்கத்து நீச்சல் குளங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். பயிற்சிக்குப் பெயர் கொடுத்த கையோடு கடைக்குப் போய், பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டுதான் பலர் முதல் நாளே வருகிறார்கள். நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் வாங்கி ஏமாந்த அதே பொருள்கள், இப்போது புதுப்புது நிறத்தில். குளித்துவிட்டு இறங்குங்கள், வழுக்கும் இடத்தில் ஓடாதீர்கள் என்பதெல்லாம் குளத்துச் சுவரிலேயே எழுதியிருக்கும். அதை விட்டுவிடுகிறேன். சுவரில் எழுதாத, கடையிலும் யாரும் சொல்லாத சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

கண்ணாடியை விலை பார்த்து வாங்குவது

நீச்சல் கண்ணாடிக்கு விலையோ பிராண்டோ முக்கியமில்லை, முகத்தில் உட்கார வேண்டும். பட்டையை மாட்டாமல் கண் குழியில் வைத்து லேசாக அழுத்துங்கள். கையை எடுத்த பிறகும் சில விநாடி ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுடையது. உடனே விழுந்தால் அடுத்ததைப் பாருங்கள். தண்ணீர் நுழைகிறதே என்று பட்டையை இறுக்கி இறுக்கிக் கண்ணைச் சுற்றி வளையம் விழுந்தவர்கள்தான் அதிகம். சேராத கண்ணாடியை எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகத்தான் செய்யும்.

உள்பக்கம் பனி படியாமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். விரலால் தேய்த்தால் அது போய்விடும். தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள், அது போதும். திறந்தவெளிக் குளத்தில் எட்டு மணி வெயிலுக்கு நிறக் கண்ணாடி நல்லது. விடியற்காலையில் நீந்துகிறவருக்கு நிறமில்லாததே சரி.

காண்டாக்ட் லென்ஸோடு இறங்குவது

கூடாது. லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே கிருமி தங்கும். பவரோடு நீச்சல் கண்ணாடியே கிடைக்கிறது.

காற்றடித்த கைப்பட்டையை நம்புவது

குழந்தைகளின் மேற்கையில் மாட்டுகிறார்களே, ஊதிப் பெருக்கும் இரண்டு பட்டை, அதைச் சொல்கிறேன். இதில்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்குவதில்லை. சில நூறு ரூபாய்ப் பொருள், ஆனால் பிள்ளையின் ஒரு கோடையை முழுதாகத் தின்றுவிடும். சில நேரம் அதோடும் போகாது.

நீச்சலின் முதல் பாடம் உடம்பைத் தண்ணீரில் படுக்க வைப்பது. முகம் உள்ளே, இடுப்பு மேலே. கைப்பட்டை செய்வது நேர் எதிர். மிதப்பு முழுவதும் கைகளில் இருப்பதால் தோள் மேலே நிற்கும், இடுப்பும் காலும் கீழே தொங்கும். பிள்ளை நின்றவாக்கில் சைக்கிள் மிதிப்பதுபோல் உதைத்துக்கொண்டிருக்கும். முகம் நனையாது. தண்ணீருக்குள் மூச்சை விடும் பழக்கம் வராது. கை இரண்டும் பக்கவாட்டில் விரிந்தே நிற்பதால் முன்னால் நீட்டி இழுக்கவும் வராது. பட்டையைக் கழற்றிய பிறகு புதிதாகக் கற்றுத்தருவதற்கு முன்னால், பழகிப்போனதை மறக்க வைக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

அதைவிட ஆபத்து, "எனக்கு நீச்சல் தெரியும்" என்று பிள்ளைக்கு வந்துவிடும் நம்பிக்கை. ஒரு மே மாதம், ஐந்து வயதுக் குழந்தை ஒருத்தி, பட்டை மாட்டிக்கொண்டு ஆழமான பக்கமெல்லாம் சுற்றி வந்தாள். பயிற்சி முடிந்து அம்மா பட்டையைக் கழற்றினார், பையிலிருந்து துண்டை எடுக்கத் திரும்பினார். அதற்குள் பிள்ளை ஓடிப்போய் அதே ஆழப் பக்கத்தில் குதித்துவிட்டாள். சத்தமே இல்லை. மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்று நினைக்கிறோம். மூச்சு விடவே வழியில்லாதபோது எங்கே கத்துவது? பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தவர் பார்த்துத் தூக்கியதால் பிழைத்தாள். "நல்லா நீந்துவாளே சார்" என்று அந்த அம்மா அழுதது எல்லோருக்கும் கேட்டது. அடுத்த வாரமே இன்னொரு அப்பா புதுப் பட்டையோடு வந்து நின்றார்.

கடலுக்குக் காற்றடித்த டியூப் எடுத்துப் போவது இன்னும் கொடுமை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் காலையில் அலை அடங்கிக் கிடக்கும் நாட்கள் உண்டு. அன்றைக்குத்தான் பெற்றோர் துணிந்து பிள்ளையை டியூபில் உட்கார வைப்பார்கள். கரையோரம் அப்படி அடங்கிக் கிடப்பதற்குப் பல நேரம் காரணமே தரையிலிருந்து கடல் பக்கம் வீசும் காற்று. நமக்குக் கடல் கிழக்கே. மேற்கிலிருந்து வரும் காற்று எதுவானாலும் உள்ளேதான் தள்ளும். ஜூன், ஜூலையில் பிற்பகல் கடற்காற்று எழும்வரை பெரும்பாலும் அந்தக் காற்றுதான். டியூபுக்கோ எடை இல்லை, பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது. காற்று பிடித்துக்கொண்டால் அது போகும் வேகத்துக்கு நன்றாக நீந்துகிறவர்களே திணறுவார்கள். கால் நுழைக்கும் துளை உள்ள டியூப் கவிழ்ந்தால் கால் மாட்டிக்கொண்டு பிள்ளை தலைகீழாகிவிடும். இது உயிர்காக்கும் கருவி அல்ல என்று பெரும்பாலும் அதன் மேலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எடுத்துப் படித்துப் பாருங்கள்.

சுண்ணாம்பாற்றில் படகு ஏறும்போது மாட்டிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் வேறு சாதி. அதன் மிதப்பை நியூட்டன் என்ற அலகில் குறிப்பார்கள். 50 என்றிருந்தால், நீந்தத் தெரிந்தவர் கரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ள. நீந்தத் தெரியாதவருக்கு 100 அல்லது அதற்கு மேல் வேண்டும். குழந்தைக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள், தொடை இடுக்கில் மாட்டும் வார் இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் தலைக்கு மேல் ஏறிவிடும். அதுவும் படகுக்குத்தான், நீச்சல் கற்பதற்கு அல்ல.

சரி, கற்பதற்கு எதை வாங்குவது? கிராமத்துக் கிணற்றில் கற்ற பெரியவர்களைக் கேளுங்கள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கியிருப்பார்கள், பிற்பாடு மூடியை இறுக்கிய பிளாஸ்டிக் கேன். மிதப்பு முதுகில் இருந்ததால் உடம்பு தானாகக் குப்புறப் படுத்தது, கையும் காலும் வேலை செய்ய விடுதலையாக இருந்தன. இப்போது கடைகளில் முதுகில் பெல்ட்டோடு கட்டும் நுரைக் கட்டைகள் கிடைக்கின்றன. மூன்று நான்கு அடுக்காக இருக்கும். பிள்ளை தேறத் தேற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காற்று இறங்கும் பயமும் இல்லை. ஆனால் அதைக் கட்டினாலும் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். முதல் சில நாள் அந்தக் கட்டைகூட வேண்டாம். படியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே விட்டுக் குமிழி குமிழியாக மூச்சை விடப் பழகட்டும். அது வந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

பெரிய கைத்துடுப்பு

இது பெரியவர்கள் செய்வது. ஃப்ரீ ஸ்டைல் சுமாராக வந்ததும் உள்ளங்கையில் மாட்டும் பேடில் வாங்கிவிடுவார்கள், அதுவும் இருப்பதிலேயே பெரிய அளவு. மாட்டியதும் வேகம் கூடும், சந்தேகமில்லை. தண்ணீரைத் தள்ளும் பரப்பு கூடும்போது தோளின் மேல் விழும் சுமையும் கூடுகிறது. கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே விழும் பழக்கம் இருந்தால், தோள்பட்டைத் தசைநார் ஒவ்வொரு இழுப்பிலும் எலும்புக்கடியில் நசுங்கும். பிறகு சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலே வலிக்கும்.

உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது போதும். மணிக்கட்டு வாரைக் கழற்றிவிட்டு நடுவிரல் வாரை மட்டும் மாட்டி நீந்திப் பாருங்கள். கை சரியாக நுழைந்து சரியாக இழுத்தால் பேடில் ஒட்டிக்கொண்டே இருக்கும். கோணம் தவறினால் கழன்றுவிடும். கழன்றால் இன்னும் சில மாதம் வெறுங்கையோடு நீந்துங்கள். 25 மீட்டருக்கு எத்தனை இழுப்பு ஆகிறது என்று எண்ணிக்கொண்டு வந்தாலே முன்னேற்றம் தெரியும், அதற்குக் காசும் செலவில்லை. தோள் வலிக்கும்போது, கால் இடுக்கில் 'புல் பாய்' (pull buoy) என்ற மிதப்புக் கட்டையை வைத்து நீந்துவதையும் நிறுத்திவிடுங்கள். கால் ஓய்வெடுத்தால் மொத்த வேலையும் தோளுக்குத்தான் போகும்.

கிக் போர்டைவிட்டு இறங்காமல் இருப்பது

கையில் பிடிக்கும் அந்த மிதவைப் பலகையைப் பிடித்துத் தலையைத் தூக்கியபடியே உதைத்தால் இடுப்பு தாழும், கழுத்து வலிக்கும். முகத்தை உள்ளே வைத்து உதையுங்கள். சில நடை பலகையோடு, சில நடை இல்லாமல்.

நீளமான ஃபின்ஸ்

காலில் மாட்டும் நீளமான துடுப்பு கடலில் மூழ்கிப் பார்ப்பவர்களுக்கு. குளத்துக்குக் குட்டையான ரப்பர் ஃபின்ஸ்.

குளத்துக் கண்ணாடியோடு கடலடி பார்ப்பது

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. மூக்கையும் மூடும் மாஸ்க் என்றால் மூக்கால் ஊதி உள்ளே சமப்படுத்தலாம். நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியில்லை, கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டிவிடும்.

பருத்தி உடை

தண்ணீர் குடித்துக் கனக்கும். லைக்ரா என்ற இழுபடும் இழை அதிகமுள்ள உடையைக் குளோரின் சீக்கிரம் தளர்த்திவிடும். தினமும் நீந்துகிறவர் பாலியஸ்டர் அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள்.