மஞ்சள் கரு வெளுத்தபோது

கோத்தகிரி பக்கம் எங்கள் வீட்டில் 22 நாட்டுக்கோழிகள். பகல் முழுக்கத் தேயிலைச் செடிகளுக்கு அடியில் கிளறித் திரியும். போன ஐப்பசி மழையில் முட்டையின் தரம் கெட்டுப்போனது. தோசைக்கல்லில் உடைத்து ஊற்றினால் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடியது. மஞ்சள் கரு எலுமிச்சைத் தோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஓடும் லேசாக அழுத்தினாலே நொறுங்கியது.

கிளிஞ்சல் தூளும் கேரட் தழையும் கூடுதலாகப் போட்டேன். பலனில்லை. ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கையில் குத்தியது, கொண்டை வெளிறியிருந்தது. சரி, இது தீவனக் குறை இல்லை என்று எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். மைக்ராஸ்கோப்பில் உருண்டைப்புழு முட்டைகள் நிறையத் தெரிந்தன. "குடல் சுவரையே புழு கெடுக்குதுக்கா, போடுற சத்து எப்படி உடம்புல சேரும்?" என்றார். கருவுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டும் அப்படித்தான் வீணாகியிருக்கிறது.

அவர் சொன்ன அளவில் குடற்புழு மருந்து, மூன்று வாரம் கழித்து மறுபடியும். அவர் குறித்துத் தந்த நாள்வரை முட்டையை விற்கவில்லை, நாங்களும் தொடவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், மருந்தைவிடத் தரைதான் முக்கியம். ஈரமண்ணில் புழு முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்புழுவும் அதைச் சுமக்கும். கோழி மண்புழுவை விடுமா? நனைந்த உமியை அள்ளிக் காய்ந்த உமி பரப்பினேன். மாற்றி மாற்றி மேயவிட, மேயும் இடத்தை வலை கட்டி மூன்றாகப் பிரித்தேன். குஞ்சுகளுக்குத் தனி இடம்.

ஆறாவது வாரம் உடைத்த முட்டையில் கரு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு நின்றது. அப்புறம்தான் விற்பனையை ஆரம்பித்தேன்.