ஆர்தர் கதை நாவல்கள்: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை குன்னூரை அடுத்த வெலிங்டன் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஊட்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நான்கு நாவல்கள். "அக்கா, எல்லாமே ஆர்தர் கதை. மொத்தமே இருநூறு ரூபாய்தான்" என்று மேசைமேல் பரப்பினாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கியது. ஒன்றில் ஆர்தரின் மந்திரவாதி மெர்லினே கிடையாது. மற்ற இரண்டும் ஒரே எழுத்தாளருடையவை, மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் ஆசையாக வாங்கி வந்ததும் கிட்டத்தட்ட இதே நான்குதான்.

குன்னூரில் என் அலமாரியிலிருந்து, பழைய பிரிட்டன் கதைகளில் வரும் ஆர்தர் மன்னனைப் பற்றிய இந்த வகை நாவல்களை இரவல் வாங்கிப் போகிறவர்கள் பலர். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள். பக்கம் கிழிந்திருக்கிறதா, விலை அதிகமா என்பதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

'ஆர்தர்' என்ற பெயரை வைத்துத் தேடுவது

இந்த வரிசையில் சிறந்த நாவல்கள் பலவற்றின் தலைப்பில் ஆர்தர் என்ற பெயரே இருக்காது. 'தி கிரிஸ்டல் கேவ்', 'சோர்ட் அட் சன்செட்', 'தி வின்டர் கிங்': எதிலாவது இருக்கிறதா? பெயரைப் போட்டுத் தேடினால் படம் போட்ட சிறுவர் நூல்கள்தான் முன்னால் வந்து நிற்கும். எழுத்தாளர் பெயரை வைத்துத் தேடுங்கள். மேரி ஸ்டூவர்ட், ரோஸ்மேரி சட்கிளிஃப், டி.எச். ஒயிட், பெர்னார்ட் கார்ன்வெல். தொடங்குவதற்கு இந்த நான்கு பெயர் போதும்.

மூலத்தை முடித்துவிட்டுத்தான் நாவல் என்று காத்திருப்பது

நம் ஊரில் இந்த எண்ணம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. கம்பனைப் படிக்காமல் ராமகதை பேசலாமா என்கிற மாதிரி. தாமஸ் மாலரி எழுதி, 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்ட பெரிய நூலைத்தான் பலரும் மூலம் என்று சொல்வார்கள். அதுவே பழைய பிரெஞ்சுக் கதைகளையும் ஆங்கிலக் கதைகளையும் தொகுத்து மறுபடி சொன்னதுதான். அதற்கு முந்நூறு வருடத்துக்கும் முன்பே மான்மத் ஊர் ஜெஃப்ரி, மெர்லினையும் ஆர்தரையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்து லத்தீனில் எழுதிவிட்டார். எங்கே போய் மூலத்தைப் பிடிப்பது?

அதோடு, மந்திரவாதிக்காகப் படிக்க வருகிறவர்களுக்கு மாலரி பெரிய ஏமாற்றம். காக்ஸ்டன் அந்த நூலை 21 புத்தகங்களாகப் பிரித்தார். நான்காவதின் முதல் அத்தியாயத்திலேயே மெர்லினைப் பாறைக்கு அடியில் அடைத்துவிடுகிறார்கள். மீதி முழுக்க மாவீரர்களின் கதை. நாவல்களைப் படித்துவிட்டு மாலரிக்குப் போங்கள். அப்போது ஒவ்வொரு நாவலாசிரியரும் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பார்க்கிற சுகமே தனி.

எந்த மாதிரி ஆர்தர் என்று கேட்காமல் வாங்குவது

ஆர்தருக்கு மெர்லின் என்றால், நம் விக்கிரமாதித்தனுக்குப் பட்டியும் வேதாளமும் ஒரே ஆளாக வந்த மாதிரி. அந்த ஆள் எல்லா நாவலிலும் இருப்பார் என்று நினைக்காதீர்கள். சட்கிளிஃப் 1963-இல் எழுதிய 'சோர்ட் அட் சன்செட்' நாவலில் மெர்லினும் இல்லை, ஆர்தரின் பெரிய மாவீரன் லான்சலாட்டும் இல்லை. ரோமானியர் பிரிட்டனை விட்டுப் போன பிறகு, படையெடுத்து வந்த சாக்சன்களை எதிர்த்துக் குதிரைப்படை கட்டிய ஒரு தலைவனின் கதை அது. மனதை அறுக்கிற நாவல். மந்திரம் தேடி வந்தவர் மட்டும் நூறு பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். கார்ன்வெல்லிடம் மெர்லின் உண்டு, ட்ரூயிட் என்கிற பழைய பிரிட்டன் பூசாரியாக. அவர் செய்வது மந்திரமா தந்திரமா என்பதைக் கடைசிவரை நம் தலையிலேயே கட்டிவிடுகிறார். ஒயிட்டின் மெர்லின் காலத்தில் பின்னோக்கி வாழ்கிறவர். வரப்போவது அவருக்கு நினைவு, போனது தெரியாது. உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணுங்கள்.

பாகம் பார்க்காமல் வாங்குவது

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

அந்த இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய நாளில் இங்கே ஒரு கடையில் மேரி ஸ்டூவர்ட்டின் 'தி லாஸ்ட் என்சான்ட்மென்ட்' நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது. முதல் பக்கத்தின் மூலையில் ஏதோ ஒரு விடுதி மாணவியின் பெயர், நீல மையில், கீழே இரண்டு கோடு போட்டு. அட்டையில் மெர்லின் என்ற பெயரைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. ஐப்பசி மழை, மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரியில் முடித்தேன். கதை தொடங்கும்போதே ஆர்தர் முடிசூடியாயிற்று. மெர்லின் வயதாகிப் பழசையெல்லாம் நினைத்துப் பேசுகிறார். என்ன அழகான நடை என்று கிறங்கிப்போய்ப் படித்தேன். அது மூன்றாம் பாகம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு முதல் பாகத்தைத் தேடி இரண்டு வருடம் அலைந்தேன். கீழே சமவெளியில் ஒரு கடைக்காரர் இருக்கிறது என்றார். 350 ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். பார்சலைப் பிரித்தால் நான்காம் பாகம். திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் முதல் பாகமான 'தி கிரிஸ்டல் கேவ்' கைக்கு வந்தது. அதில் மெர்லின் சின்னப் பையன். தாத்தா அரண்மனையில் எல்லாரும் அவனைத் தகப்பன் பெயர் தெரியாதவன் என்று ஏசுகிறார்கள். தாய் வாயே திறப்பதில்லை. நூலின் முதல் முடிச்சே அதுதான்: இவன் யார் பிள்ளை? அவன் அதற்காக ஏங்குகிற ஒவ்வொரு பக்கத்திலும் எனக்கு விடை தெரிந்திருந்தது. மூன்றாம் பாகத்தில் அந்தப் பெயர் சாதாரணமாக வந்துபோகும். அந்த 350 ரூபாயை மறந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தப் பையனோடு சேர்ந்து நானும் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய இடம் பாழாய்ப்போனது இன்னும் எரிகிறது. அந்தப் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன்.

பொன்னியின் செல்வனில் 'கொலைவாள்' மூன்றாம் பாகம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். 'புது வெள்ளம்' படிக்காமல் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆங்கில நாவல்களின் முதுகில் பல சமயம் எண் இருக்காது. கடைக்காரருக்கு ஒரே எழுத்தாளர் என்றால் ஒரே அடுக்கு. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். முதல் பாகம் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோகும், இல்லை இரவல் போனவர் வீட்டிலேயே தங்கிவிடும். மூன்றாவதும் நான்காவதும்தான் மெருகு குலையாமல் பழைய கடைக்கு வரும். 'புதுசு மாதிரி இருக்கிறதே' என்று தோன்றினாலே சந்தேகப்படுங்கள்.

தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, முதலில் வெளியான ஆண்டைப் பாருங்கள். மேரி ஸ்டூவர்ட்டுக்கு 1970, 1973, 1979, 1983. இதில் ஆண்டு வரிசைதான் கதை வரிசை. முதல் மூன்றையும் ஒரே கட்டாக வாங்கினால் நான்காவது இல்லையே என்று வருந்தாதீர்கள். மூன்றையும் மெர்லினே தன் வாயால் சொல்கிறார். நான்காவது, ஆர்தரை எதிர்த்து நின்ற மோர்ட்ரெட்டைப் பற்றியது, வேறு குரல். கார்ன்வெல்லின் ஆர்தர் நாவல்கள் மூன்றும் 1995, 1996, 1997 என்று வரிசையாக வந்தவை.

ஆனால் ஆண்டை மட்டும் நம்பினாலும் மாட்டிக்கொள்வீர்கள். சட்கிளிஃப் இளையோருக்காக எழுதிய மூன்று நூல்களில் நடுப்பாகம் 1979-இல் வந்தது. முதலும் கடைசியும் 1981. ஆண்டுப்படி போனால் ஆர்தரின் வீரர்கள் உட்காரும் வட்ட மேசை கூடுவதற்கு முன்பே, அவர்கள் தேடிப் போகும் இயேசுவின் புனிதக் கிண்ணத்தைத் தேடிக் கிளம்பிவிடுவீர்கள். ஸ்டீபன் லாஹெட் என்ற இன்னொரு எழுத்தாளரின் ஆர்தர் தொடரில் 1994-இல் வந்த நான்காம் நூல், 1989-இல் வந்த மூன்றாம் நூலின் இடைவெளிக்குள் நடப்பது. அங்கே மட்டும் வெளியான வரிசையிலேயே படியுங்கள். நடுவில் செருகினால் மூன்றாவதின் ஓட்டம் போய்விடும். ஆக, ஆண்டைப் பாருங்கள், அப்புறம் உள்ளே இருக்கிற 'இதே ஆசிரியரின் நூல்கள்' பட்டியலையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் படித்தவர் யாரையாவது கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டு நூல்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, என் 'தி கிரிஸ்டல் கேவ்' பிரதியைக் கொடுத்தனுப்பினேன். "பின் அட்டையைக்கூடப் படிக்காதே" என்று சொல்லித்தான்.

ஒயிட்டைத் துண்டு துண்டாக வாங்குவது

ஒயிட் பிறந்தது பம்பாயில், 1906-இல். அவருடைய 'தி சோர்ட் இன் தி ஸ்டோன்' 1938-இல் தனியாக வந்தது. 1958-இல் நான்கு பகுதியாக 'தி ஒன்ஸ் அண்ட் ஃப்யூச்சர் கிங்' என்று தொகுத்தபோது அந்த முதல் பகுதியை அவரே மாற்றினார். மேடம் மிம் என்ற சூனியக்காரி காணாமல் போனாள், எறும்புகளும் காட்டு வாத்துகளும் வந்தன. தனி நூலை மட்டும் படித்தவர் இதைச் சிறுவர் கதை என்றே நினைத்துக்கொண்டிருப்பார். அந்தச் சிறுவன் கடைசியில் போர்க்களத்துக் கூடாரத்தில் கிழவனாக உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கவே மாட்டார். தொகுப்பை வாங்குங்கள். அவர் இறந்த பிறகு 1977-இல் வந்த 'தி புக் ஆஃப் மெர்லின்' நூலை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். எறும்பும் வாத்தும் அதிலும் வரும்.

சுருக்கப் பதிப்பு

வேண்டாம்.

திரைப்படம் பார்த்துவிட்டு அதே கதையைத் தேடுவது

கிடைக்காது.

ஈரம்

மலையில் வாங்கும் பழைய புத்தகத்துக்கு மட்டும் இது. நடுவில் திறந்து மோந்து பாருங்கள். பூசண வாடை இருந்தால் என்ன விலையானாலும் வேண்டாம், வீட்டிலிருக்கும் மற்றவற்றுக்கும் ஏறிவிடும். அடுத்து முதுகை லேசாக அழுத்துங்கள். குளிரில் பசை இறுகி 'டக்' என்று விட்டுவிடும். என் 'தி கிரிஸ்டல் கேவ்' பிரதியின் கடைசி எட்டுப் பக்கம் அப்படித்தான் கழன்றது. ஒரு பழைய உறையில் போட்டு நூலுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இரவல் கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, திரும்பி வரும்போது எண்ணி வாங்குகிறேன்.