வளர்த்த நாய்க்குக் கடைசி ஊசி: முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

நோய் முற்றிய நாய் வலியில்லாமல் உயிர்விட ஊசி போட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தால், ‘அது பாட்டுக்குப் போகட்டும், அந்தப் பாவம் நமக்கு எதுக்கு’ என்று வீட்டுப் பெரியவர் ஒருவராவது சொல்வார். ஏற்காட்டில் எங்கள் வீட்டில் அப்பா சொன்னார். பதின்மூன்று வயதான எங்கள் கருப்பனுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. அது பாட்டுக்கு எளிதாகப் போகிற நோய் அதுவன்று. கழிவுகள் இரத்தத்தில் தேங்கத் தேங்க, வாந்தியும் வாய்ப்புண்ணுமாக நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில், துன்புறும் விலங்கைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகுமா என்பதைத்தான் அளவுகோலாகக் கொள்கிறது. வீட்டில் முடிவெடுக்கவும் இதைவிட நேர்மையான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை காணத் தினசரி நாட்காட்டியின் கிழித்த தாள்களே போதும். நாய் தானாகச் சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, எழுந்து வெளியே போய்ச் சிறுநீர் கழித்ததா, வண்டிச் சத்தம் கேட்டு வாலை ஆட்டியதா என்று பார்த்து, நல்ல நாளென்றால் ஒரு கோடும் கெட்ட நாளென்றால் பெருக்கல் குறியும் அன்றைய தாளின் பின்பக்கம் போட்டு வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குச் சரிவு தெரியாது, தாளுக்குத் தெரியும். கெட்ட நாள்கள் மிகுந்துவிட்டால் மருத்துவரை அழைத்து நாளைக் குறித்துவிடுங்கள். எங்களிடம் பத்துத் தாள்களில் ஏழில் பெருக்கல் குறி விழுந்த பிறகும், பெங்களூரிலிருந்து தம்பி வரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தோம். சனிக்கிழமை இரவு கருப்பனுக்கு வலிப்பு வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் இறங்க வேண்டியதாயிற்று.

ஆகவே, மலையில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது மருத்துவர் வீட்டுக்கே வருவாரா என்பது. வர இயலாவிட்டால், பகல் நேரத்தில், கூட்டம் குறைந்த வேளையாகக் கேட்டுப் பெறுங்கள். வளைவுகளில் குமட்டாமலிருக்கப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டு, பழைய ஜமுக்காளத்தை மடித்துப் பின்னிருக்கையில் போட்டு, நாய் சரியாதபடி அணைத்துப் பிடிக்க ஒருவர் உடன் உட்காருங்கள். மூட்டு வலியுள்ள நாய்க்கு ஒவ்வொரு திருப்பமும் வேதனை என்பதை ஓட்டுபவருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நேரம் குறிக்கும்போதே, முதலில் மயக்க ஊசி போடுவீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நினைவோடிருக்கும் விலங்குக்கு, இதயத்தை நிறுத்தும் மக்னீசியம் சல்பேட்டை மட்டும் செலுத்திக் கொல்வது ஏற்கத்தக்க முறையன்று. கடந்த 10 நாள்களில் நாய் யாரையாவது கடித்திருந்தால், வெறிநோய்க் கண்காணிப்பு முடிந்ததா என்று பார்க்க வேண்டியிருப்பதால், அதை மறைக்காதீர்கள். பணத்தை முன்னதாகவே கட்டி, ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்திட்டுவிட்டால், வெறும் கழுத்துப்பட்டையைக் கையில் பிடித்தபடி சில்லறைக்காக நிற்கும் நிலை வராது.

மருத்துவர் சம்மதித்தால், ஊசிக்குச் சற்று முன் பிடித்தமான ஏதேனும் ஒரு வாய் கொடுக்கலாம். கருப்பனுக்குச் சேலம் தட்டுவடை செட்டு என்றால் உயிர். செட்டில் வைக்கும் வெங்காயம் நாய்க்கு ஆகாது என்பதால் வெறும் தட்டுவடையைத்தான் எப்போதும் நொறுக்கிக் கொடுப்போம். அன்று அதை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

மயக்க ஊசியைப் பெரும்பாலும் தொடைத் தசையில் போடுவார்கள். சில நிமிடங்களில் தலை தொய்ந்து, நாக்கு தளர்ந்து, நாய் அயர்ந்துவிடும். நீங்கள் சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிடுங்கள். பிறகு முன்னங்காலில் முடியை மழித்து, நரம்பில் ஊசிக்குழாயைச் செருகிப் பிளாஸ்திரியால் ஒட்டுவார்கள். நீர்ச்சத்து வற்றிய உடலில் நரம்பு எளிதில் கிடைக்காது. இரண்டு மூன்று முறை முயன்றால் மருத்துவருக்குக் கை வரவில்லை என்று எண்ண வேண்டாம். தயோபென்டோன் அல்லது பென்டோபார்பிட்டல் போன்ற மயக்க மருந்தை மிகுதியான அளவில் செலுத்தியதும் மூளையும் மூச்சும் அடங்கி, பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது. நின்றபின் ஓரிரு முறை பெரிதாக மூச்சிழுப்பதும், தசை துடிப்பதும், சிறுநீர் கழிவதும் உண்டு. அவை உயிரின் அறிகுறியல்ல. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, கருவிழியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் வரை கையை எடுக்காதீர்கள். உடனிருக்க மனம் தாங்காதவர், மயக்கம் வரும் வரையாவது கண்ணெதிரில் நிற்பது நல்லது. குழந்தைகளிடம் ‘தூங்குகிறது’ என்று சொல்ல வேண்டாம். எப்போது எழும் என்று கேட்பார்கள்.

தோட்டம் உள்ளவர்கள் குழியை முந்தைய நாளே வெட்டி வைக்கலாம், ஏனெனில் ஏற்காட்டு மண்ணில் இரண்டடிக்குக் கீழே பாறை தட்டினால் வேறிடம் பார்க்க வேண்டும். உடலில் மருந்து தங்கியிருப்பதால், தோண்டித் தின்னும் விலங்குக்கும் அது நஞ்சாகலாம்; ஆகவே நான்கடி ஆழமாவது இருக்கட்டும், கிணற்றுக்கும் ஊற்றுக்கும் தள்ளியே இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றிப் புதைத்து, மண்ணை மிதித்து இறுக்கி, காட்டுப்பன்றி கிளறாதபடி மேலே கனமான கற்களை அடுக்குங்கள். நகரத்தில் இடமில்லாதவர்கள், உடலை எங்கே ஒப்படைப்பது என்பதை மருத்துவமனையிலோ மாநகராட்சித் துப்புரவுப் பிரிவிலோ முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், மூடுவதற்கு முன் அதை அவிழ்த்துவிட்டு முகர விடுங்கள். எங்கள் வெள்ளச்சி காதுப்பக்கம் ஒருமுறை முகர்ந்துவிட்டு, காப்பிச் செடிகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டது.