196 கிலோ வண்டியை 7 மீட்டருக்குள் திருப்புவது: மண்தரையில் படிப்படியான பயிற்சி

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக் பெட்ரோலோடு 196 கிலோ. பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். 249 கிலோ. நெடுஞ்சாலையில் இந்தக் கனம் கையில் தெரியவே தெரியாது. காட்டுப் பாதை முடிந்து, குறுகிய இடத்தில் திரும்ப வேண்டி வரும்போதுதான் மொத்தக் கனமும் கைக்கு வரும்.

அந்த இடத்தில் விழுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விழுகிறார்கள். வண்டி உள்பக்கம் சாய்கிறது, பயம் வருகிறது, இடது கை தானாகவே கிளட்சை முழுவதும் பிடித்துவிடுகிறது. இழுவை நின்ற அடுத்த நொடி வண்டி தரையில் கிடக்கிறது. இதற்குக் கனத்தைக் குறை சொல்ல முடியாது. எஞ்சினின் இழுவை நடுவில் அறுந்ததுதான் காரணம். கீழே வரும் பயிற்சிகள் எல்லாமே அந்த இழுவையை அறுபடாமல் வைத்துக்கொள்ளப் பழக்குபவை.

வண்டியும் இடமும்

பக்கவாட்டுப் பெட்டிகளைக் கழற்றிவிடுங்கள். விழும்போது கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டினால் கணுக்கால் போய்விடும். கண்ணாடிகளையும் கழற்றுங்கள், அல்லது உள்ளே மடக்குங்கள். டேங்கில் கால் பங்கு பெட்ரோல் போதும். 17 லிட்டர் டேங்கை நிரப்பினால் அதைவிட 9 கிலோவுக்கு மேல் கூடும், அதுவும் வண்டியின் உச்சியில்.

டயர் காற்று 22 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை இருக்கட்டும். மண்ணில் பிடிப்பு கூடும். 20-க்குக் கீழே இறக்கினால் கல்லில் ரிம் அடிவாங்கும். டியூப் டயராக இருந்தால் டயர் ரிம்மில் நகர்ந்து வால்வை அறுத்துவிடும். காற்றடிக்கும் பம்ப் கையில் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று பாருங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களைத் தொட மணிக்கட்டு மேல்நோக்கி வளைய வேண்டியிருந்தால், லீவர்களின் போல்ட்டைத் தளர்த்திச் சற்றுக் கீழே திருப்பி வையுங்கள். பின் பிரேக் பெடலும் நின்ற நிலையில் பெருவிரல் பக்கத்துக்கு இயல்பாக எட்ட வேண்டும். கிளட்ச் இரண்டு விரலுக்கு அடங்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இந்தப் பயிற்சியில் வேகம் அவ்வளவு குறைவு என்பதால் பின் ஏ.பி.எஸ். இருந்தாலும் அணைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டியில் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். சரளையில் பின்சக்கரம் லேசாகச் சுழன்றாலே அது எஞ்சின் சக்தியைக் குறைக்கும். திருப்பத்தின் நடுவில் அதுவும் ஒரு இழுவை அறுப்புதான்.

இடம்: 20 மீட்டருக்கு 20 மீட்டர் சமமான செம்மண் தரை, மேலே மெல்லிய சரளை. வற்றிய ஏரிப்படுகை நல்ல இடம்தான். ஆனால் நடுப்பகுதியில் மேலே காய்ந்த பொருக்கு, அடியில் சேறு என்று இருக்கும். முதலில் காலால் மிதித்து நடந்து பாருங்கள். சீமைக்கருவேலம் இருக்கும் பக்கம் போகவே வேண்டாம், அந்த முள் புது டயரையும் துளைக்கும். அடையாளம் வைக்க எட்டு காலி லிட்டர் பாட்டில்களில் மண் நிரப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ். கேன்வாஸ் ஷூவோடு வந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம்.

படி 1: எஞ்சினை அணைத்து, தள்ளி நடப்பது

வண்டியின் இடப்பக்கம் நின்று, சீட்டின் ஓரத்தில் இடுப்பை ஒட்டிக்கொண்டு, வண்டியை உங்கள் பக்கம் ஒரு இம்மி சாய்த்துத் தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் யாராலும் பிடிக்க முடியாது. இடம் மூன்று வட்டம், வலம் மூன்று வட்டம், பிறகு வலப்பக்கம் நின்று அதேபோல். நேராக நிற்கும் ஒரு புள்ளியில் வண்டி ஒற்றை விரலுக்கு அடங்கி நிற்கும். அந்தப் புள்ளியை இடுப்பு அறிந்துகொண்டால் கனத்தைப் பற்றிய பயம் பாதி போய்விடும்.

தூக்கவும் இப்போதே பழகுங்கள். உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, வண்டியை மெல்லப் படுக்க வையுங்கள். கியரில் போடுங்கள், அப்போதுதான் உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிடுங்கள். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுவதும் திருப்பி, வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டின் ஓரத்தில் பின்புறத்தை அழுத்தி, ஒரு கை கீழே உள்ள கிரிப்பிலும் மறு கை பின்கம்பியிலும் பிடித்து, முதுகை வளைக்காமல் சிறுசிறு அடியாகப் பின்னால் நடங்கள். தூக்குவது கால்தான். முதுகால் தூக்கினால் அடுத்த வாரம் முழுவதும் படுக்கைதான்.

படி 2: ஹாஃப் கிளட்ச்

உட்கார்ந்து, முதல் கியரில், எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 2000–2500-ல் நிறுத்துங்கள். கிளட்சை மெல்ல விடும்போது ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் சற்றே கனத்து வண்டி முன்னால் இழுக்கும். அங்கிருந்து அரை சென்டிமீட்டர் முன்னும் பின்னும்தான் நீங்கள் வேலை செய்யப் போகும் இடம். ஒரு மீட்டர் நகருங்கள், லேசாகப் பிடியுங்கள், மறுபடி விடுங்கள். லீவரை ஒருபோதும் ஹேண்டில்பார் வரை இழுக்காதீர்கள். இருபது முறை.

இந்த வண்டிகளில் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் மூழ்கியிருப்பதால் இந்த உரசலைத் தாங்கும். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். லீவரின் இடைவெளி மாறினாலோ, கருகிய வாடை வந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

படி 3: பின் பிரேக்

இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 15 மீட்டர் இடைவெளியில் இரண்டு பாட்டில் வையுங்கள். ஆக்ஸிலரேட்டர் ஒரே நிலையில், கிளட்ச் ஹாஃபில், பின் பிரேக்கை மெல்ல மிதித்தபடியே ஒரு பாட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போங்கள். முதலில் 8 நொடி ஆகும். 15 நொடி ஆக வேண்டும். அது நடக்கும் வேகத்தையும் விடக் குறைவு.

எஞ்சின் இழுக்க, பிரேக் தடுக்க, செயின் உள்ள வண்டியில் இரண்டுக்கும் நடுவில் அது எப்போதும் விறைப்பாக இருக்கும். அதனால் ஆக்ஸிலரேட்டரைத் திறந்து மூடும்போது வரும் வெட்டு இழுப்பு வராது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஆக்ஸிலரேட்டரை மாற்றவே வேண்டாம், பாதத்தின் அழுத்தம் மட்டும் மாறினால் போதும். காபிக் குவளையை ஏந்தி நடப்பதுபோல வண்டி அலுங்காமல் போகும்.

முன் பிரேக் லீவரிலிருந்து விரல்களை எடுத்துவிடுங்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் முன்ஃபோர்க் அமுங்கும், சக்கரம் நிற்கும், மேலே உள்ள கனம் உள்பக்கம் கவிழும். இழுவை அறுவதற்கு அடுத்தபடியாக, வண்டி விழுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

படி 4: எழுந்து நிற்பது

ஃபுட்ரெஸ்ட்டில் நின்று, முழங்கால் சற்று மடங்கி, இடுப்பு பாதங்களுக்கு நேர் மேலே. எடை காலில் இருக்க வேண்டும். ஹேண்டில்பாரில் தொங்கினால் உங்கள் கையே வண்டியைத் திருப்ப விடாது. அதே 15 மீட்டரை நின்றபடி போங்கள். பிறகு பாட்டில்களை 4 மீட்டருக்கு ஒன்றாக வரிசையில் வைத்து வளைந்து வளைந்து செல்லுங்கள். இடது காலை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் சாய்வதையும், உங்கள் உடல் நேராகவே நிற்பதையும் கவனியுங்கள்.

படி 5: வட்டம்

10 மீட்டர் விட்டத்தில் பாட்டில்களை வட்டமாக வையுங்கள். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, இடப்பக்கமாகச் சுற்றுங்கள்.

வண்டி எவ்வளவு சாய்கிறதோ அந்த அளவுக்கு வட்டம் சுருங்கும். வேகமாகப் போகும்போது வெளியே தள்ளும் விசை அந்தச் சாய்வைத் தாங்கும். 8 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விசை மிகக் குறைவு. ஆகவே உங்கள் உடல்தான் தராசின் எதிர்த்தட்டு: வண்டி உள்ளே சாய, நீங்கள் வெளியே. வேகமான வளைவில் வண்டியோடு சேர்ந்து உள்பக்கம் சாய்ந்து பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அந்தப் பழக்கம் மறையச் சில நாள் ஆகும்.

இடப்பக்கம் திரும்பும்போது: எடை வலது காலில். இடது முழங்காலை டேங்கிலிருந்து தளர்த்தி, வண்டி சாய இடம் விடுங்கள். இடது கை நீண்டிருக்கும், வலது முழங்கை மடங்கி உயர்ந்திருக்கும். மோவாய் இடது தோளுக்கு மேல். கண் அரை வட்டம் தள்ளியிருக்கும் பாட்டிலில். முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணைப் பார்த்தால் வட்டம் விரிந்துகொண்டே போகும், அல்லது அந்த மண்ணிலேயே விழுவீர்கள்.

வண்டி உள்ளே விழப்போவதுபோல் தோன்றும் நொடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கிளட்சை ஒரு இம்மி விடுங்கள். இழுவை கூடினால் வண்டி தானாக நிமிரும். கையோ கிளட்சைப் பிடிக்கத் துடிக்கும். அதை மாற்றத்தான் இத்தனை வட்டமும். காலை நீட்டித் தாங்கப் பார்க்காதீர்கள். மீறிச் சாய்ந்துவிட்டால் வண்டியை விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள், வண்டியைக் காக்கும் பக்கக் கம்பியான க்ராஷ் கார்டு அதற்குத்தான் இருக்கிறது.

வலப்பக்கம் பெரும்பாலோருக்குக் கடினம். ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்பும்போது வலது கிரிப் உடலுக்கு அருகே வந்துவிடும், மணிக்கட்டு மடங்கும், ஆக்ஸிலரேட்டர் தெரியாமல் திறந்து மூடும். கிரிப்பை நேராகப் பிடிக்காமல், ஸ்க்ரூ டிரைவரைப் பிடிப்பதுபோல வெளி ஓரத்தில் சாய்வாகப் பிடியுங்கள். பின் பிரேக் மிதிக்கும் பாதமும் அதே பக்கம் என்பதால் அழுத்தம் கூடிப்போய் எஞ்சின் நின்றுவிடவும் வாய்ப்புண்டு. இடம் ஒரு சுற்று என்றால் வலம் இரண்டு சுற்று போடுங்கள்.

பாட்டில்களைத் தொடாமல் இரு பக்கமும் ஐந்து சுற்று வந்தால் 8 மீட்டர், பிறகு 7 மீட்டர். 7 மீட்டரில் நின்றபடி சுற்றினால் காட்டுப் பாதையில் பல இடங்களில் இறங்காமல் திரும்பிவிடலாம். ஒரே நாளில் 10-லிருந்து 7-க்கு வரப் பார்க்க வேண்டாம்.

படி 6: எட்டு

ஆர்.டி.ஓ. மைதானத்தில் லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டு. இரண்டு பாட்டில், 10 மீட்டர் இடைவெளி, பிறகு 8. கஷ்டம் நடுவில் கடக்கும் இடத்தில்தான். அங்கே வண்டியை ஒரு நொடி நேராக நிமிர்த்துங்கள். வரிசை இது: முதலில் தலை, பிறகு இடுப்பு மறுபக்கம் போகட்டும், கடைசியாக ஹேண்டில்பார். கையை முதலில் திருப்பினால் உடல் பின்தங்கி உள்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

படி 7: சரிவு

எட்டு நன்றாக வந்த பிறகு மட்டும். ஏறும்போது திரும்பினால் கூடுதல் இழுவை வேண்டும், வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது கிளட்சைப் பிடிக்காதீர்கள், முதல் கியரின் எஞ்சின் தடையும் பின் பிரேக்கும் போதும். நடுவில் நிற்க நேர்ந்தால் மேட்டுப் பக்கக் காலை மட்டும் ஊன்றுங்கள். பள்ளத்துப் பக்கம் ஊன்றினால் தரை காலுக்கு எட்டாது.

பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கித் திருப்பும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். 200 கிலோ வண்டியில் புதியவர்களுக்கு அது இப்போது வேண்டாம். சறுக்கும் சக்கரம் திடீரென்று பிடித்தால் வண்டி எதிர்ப்பக்கம் உங்களைத் தூக்கி எறியும்.

ஒரு நாளைக்கு 40 நிமிடம் போதும். தொடையும் இடது முன்கையும் சோர்ந்த பிறகு வரும் தவறுகள் பயிற்சியின்மையால் வருபவை அல்ல, அந்த நேரத்தில் தொடர்ந்தால் தவறே பழக்கமாகும். வண்டி விழுந்திருந்தால் லீவர், கியர் பெடல், பின் பிரேக் பெடல் வளைந்திருக்கிறதா, ஆயில் கசிவு உண்டா என்று பாருங்கள். விழுந்ததும் தானாக அணைந்த எஞ்சின் கிளம்பாவிட்டால் சாவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கடைசியாக டயரில் முள் தேடி எடுத்து, கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்றடித்து, அணைத்தவற்றை மறுபடி இயக்கிவிட்டுத் தார்ச்சாலைக்கு ஏறுங்கள்.