டிராக்டர் டீசலில் தண்ணீர் இறங்காமல் காப்பது எப்படி?

மாதவரத்தில் என் பட்டறை. செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர் பக்கத்து மினி டிராக்டர்கள் இங்கே வரும். "இழுவையே இல்லை, பம்பைப் பிரித்துப் பாருங்கள்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நான் பம்பில் கை வைப்பதற்கு முன் டீசல் பில்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றுவேன். டீசல் தண்ணீரைவிட இலேசானது. பத்து நிமிடத்தில் தண்ணீர் அடியில் தனியாக நின்று உண்மையைச் சொல்லிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு வந்த ஒரு வண்டியை மறக்க முடியாது. வண்டிக்காரர் டீசல் சேமித்து வைத்திருந்த டிரம் வெள்ளத்தில் மூழ்கவில்லை, மூடியும் இறுக்கமாக இருந்தது. "எப்படி ஐயா தண்ணீர் போகும்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். டிரம்மை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்திருந்தார். மேல்தட்டின் விளிம்புக்குள் மழைநீர் குளம்போல் தேங்கியிருந்தது. வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் மரை வழியாக வெளியேறும். இரவில் டிரம் குளிர்ந்ததும் உள்ளே இழுக்கும். அப்போது மூடியைச் சுற்றி நிற்பது காற்றல்ல, தண்ணீர். அதைத்தான் உறிஞ்சும். மூடியின் வாஷர் வெடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே முதல் வேலை, டிரம்முக்குக் கூரை. தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் வையுங்கள். பல நாள் தொடாமல் வைப்பதானால் படுக்க வையுங்கள். மேல்தட்டில் உள்ள பெரிய, சிறிய மூடிகள் இரண்டும் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடங்களில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நிறைந்த டிரம்மில் மூடிகளின் உட்புறத்தை டீசலே மூடிக்கொண்டிருக்கும். எடுத்துப் பயன்படுத்தும் டிரம்மை நிமிர்த்தி, பெரிய மூடி இருக்கும் பக்கத்தின் அடியில் ஒரு பலகையைச் செருகிச் சற்றே சாய்த்து வையுங்கள். தண்ணீரும் கசடும் மறுபக்கம் ஒதுங்கும். கைபம்பின் குழாய் அடியைத் தொடக்கூடாது, மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். டிரம்மை நகர்த்தினால் ஒரு முழுநாள் அசையாமல் விட்டபிறகே எடுக்க வேண்டும். அடியில் மிஞ்சுவதை வண்டிக்கு ஊற்றாதீர்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சவும் வேண்டாம். டீசல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மழையே இல்லாவிட்டாலும் நம் பக்கத்துக் கடற்காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியான டிரம்முக்குள் அந்த ஈரம் இரவில் வியர்த்துச் சொட்டும். சிறு விவசாயிக்கு 200 லிட்டர் டிரம்மே தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் நல்ல கேன்களில், விளிம்பில் கொஞ்சம் இடம்விட்டு நிரப்பி, நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாங்கியதை முதலில் செலவழியுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் எதையும் வைக்காதீர்கள்.

மணலிப் பக்கம் பழைய டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். துத்தநாகம் பூசிய பாத்திரம், செம்பு அல்லது பித்தளைக் குழாய் எதுவும் வேண்டாம். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து, பில்டரை அடைக்கும் படிவை உண்டாக்கும். செம்பு டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். காலி டிரம்மை வெட்டவோ வெல்டிங் வைக்கவோ கூடவே கூடாது, உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும்.

தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. பில்டரில் கருப்பாக, வழுவழுப்பாக ஒட்டியிருப்பது அதுதான். தண்ணீரை எடுத்துவிட்டால் அதற்கு வாழ இடமில்லை.

வேட்டித் துணியில் வடிகட்டும் பழக்கத்தை எத்தனையோ பேரிடம் சொல்லி நிறுத்தப் பார்த்திருக்கிறேன். துணி நூலை உதிர்க்கும், தண்ணீரையும் தடுக்காது. இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். கைபம்பின் வழியில் தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் பில்டரைப் பொருத்துங்கள். டீசலைப் பீய்ச்சும் நாசிலும் பம்பும் கெட்டால் ஆகும் செலவுக்கு முன் அதன் விலை பெரிதல்ல.

வேலை முடிந்த மாலையிலேயே வண்டியின் டேங்கை நிரப்புங்கள், காலையில் அல்ல. இரவில் உள்ளே காற்று குறைவாக இருந்தால் வியர்வையும் குறையும். பில்டர் கிண்ணத்தின் அடித்திருகை வாரம் ஒருமுறை திறந்து கொஞ்சம் வடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தினமும் வடியுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது கடைசியில் எண்ணூர் கழிமுகத்துக்குத்தான் போகும்.

புதிய கேனைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் வண்டிக்கு ஊற்றலாம். மங்கலாகத் தெரிந்தால் இன்னும் ஒருநாள் அந்தக் கேனை அசைக்காமல் வைத்துவிட்டு, மறுபடியும் பாருங்கள்.